டர்பன் முதல் ஜொகனஸ்பர்க் வரை: ஒரு பச்சைக் கரைசலின் பின்னால் ஆறு நாள்

முதல் நாள்: ஜேக்கப்ஸ், டர்பன்

பிப்ரவரி டர்பனில் காலை ஏழு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிவிடும். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணக் கரும்பாலைகள் ஏப்ரல் வாக்கில் அரவையைத் தொடங்கி டிசம்பரில் நிறுத்துகின்றன. அடுத்த அரவைக்குள் பம்பு, வால்வு, பேரிங் எல்லாவற்றையும் கழற்றி மாட்டியாக வேண்டும். அதனால் துறைமுகத்துக்குத் தெற்கே ஜேக்கப்ஸ் பட்டறைகளில் இப்போது கால் வைக்க இடமில்லை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் வந்திறங்கியவர்கள் கரும்பு வெட்டப் போனார்கள். அவர்கள் வழி வந்தவர்களில் பலர் இன்று அதே ஆலைகளின் சுழல்தண்டான ஷாஃப்டைக் கடைந்து, முலாம் பூசி அனுப்புகிறார்கள்.

இந்த ஆறு நாள் குறிப்பும் எலக்ட்ரோலெஸ் நிக்கல் பற்றியது. பட்டறைப் பேச்சில் இதற்கு ஈ.என். என்று பெயர்: மின்சாரமே பாய்ச்சாமல், கரைசலின் வேதிவினையால் நிக்கல் முலாம் ஏற்றும் முறை. தொட்டியில் மின்சாரம் பாய்ச்சும் ஆனோடும் கிடையாது, ரெக்டிஃபயரும் கிடையாது. நிக்கல் சல்ஃபேட்டோடு சோடியம் ஹைப்போஃபாஸ்பைட்டும் அதே கரைசலில் இருக்கிறது. சூடான கரைசலில் இரும்பு இறங்கியதும் அதன் மேற்பரப்பே வினையைக் கிளப்பிவிடுகிறது. படிந்த நிக்கலும் அதே வேலையைச் செய்வதால் முலாம் தானாக ஏறிக்கொண்டே போகும். கூடவே பாஸ்பரசும் படியும். ஆகவே இது சுத்த நிக்கல் அல்ல, நிக்கல்-பாஸ்பரஸ் கலவை.

ஹைப்போஃபாஸ்பைட் நிக்கலைப் படியவைக்கும் என்பதை 1844இலேயே பிரெஞ்சு வேதியியலாளர் வூர்ட்ஸ் கவனித்திருந்தார். பட்டறைக்கு உதவும் வடிவம் 1946இல் அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்தில் ஏப்னர் பிரென்னர், கிரேஸ் ரிடெல் இருவர் கையால் வந்தது. குழாயின் உட்புறத்துக்கு மின்முலாம் பூசிப் பார்த்தபோது, கொடுத்த மின்சாரத்தின் கணக்கைவிட அதிக நிக்கல் ஏறியிருந்தது. கணக்கு இடித்த அந்த இடத்திலிருந்து பிறந்ததுதான் இந்தத் தொழில்.

மின்முலாமில் மின்சாரம் ஓரத்தைத்தான் தேடிப் போகும். விளிம்பு தடித்து, உள்மூலை பட்டினி கிடக்கும். ஈ.என். அப்படியில்லை. கரைசல் நனைக்கும் இடமெல்லாம் ஒரே கனம்: சாவிக்குழி, மரையின் அடி, துளையின் உட்சுவர் எல்லாம் ஒன்றுதான். காசு கொடுத்து இதைக் கேட்பதற்குக் காரணமே அதுதான்.

இன்று வந்திருக்கும் வேலை 20 பம்பு ஷாஃப்ட். நடுத்தரக் கார்பன் எஃகு, விட்டம் 60 மில்லிமீட்டர், பூச வேண்டிய நீளம் 400. வரைபடத்தில் முலாமின் கனம் '50 மைக்ரான்' என்று மட்டும் எழுதியிருக்கிறது (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). தகராறு பிறக்கும் இடம் இதுதான். 50 மைக்ரான் என்பது ஒரு பக்கத்துக்கு, விட்டத்தில் அது 100 ஆகும். கிரைண்டிங்கில் 59.90க்குக் கொண்டுவந்தால்தான் பூசிய பின் 60.00 நிற்கும். 59.95இல் நிறுத்தியவர் ஷாஃப்டை பேரிங்கில் ஏற்ற முடியாமல் திருப்பி அனுப்புவார், பழி முலாம் பட்டறைக்கு வரும். ஆர்டர் எழுதும்போதே 'ஒரு பக்கத்துக்கு' என்று இரண்டு சொல் சேர்த்து எழுதி வாங்கிவிடுங்கள்.

கீறலையும் ஈ.என். மறைக்காது. அடியில் இருப்பதை அப்படியே படியெடுக்கும். எஃகில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் 50 மைக்ரானுக்குப் பிறகும் தட்டுப்படும்.

உருப்படியை வாங்கும்போது கேட்க வேண்டியவை வேறும் உண்டு. எந்த எஃகு, எவ்வளவு கடினம், பழைய குரோம் ஏதும் இருக்கிறதா, வெல்டிங் வைத்துக் கட்டினார்களா, சிலிக்கோன் கிரீஸ் பட்டிருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. துடைத்த துணியை முகர்ந்து பார்த்தும் பயனில்லை, சிலிக்கோனுக்கு வாசனை கிடையாது.

இரண்டாம் நாள்: அதே பட்டறை, கழுவும் வரிசை

தைப்பூசக் காவடி முடிந்த வாரம். விரதம் விட்டவர்கள் மதியத்துக்கு பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்புகிறார்கள். ஃபோர்மன் முப்பது வருடமாக இதே வரிசையில் நிற்பவர். இளையவன் ஒருவன் ஒரு பிளேட்டில் முலாம் உரிந்ததைக் காட்டி, "அண்ணா, கரைசல் போயிடுச்சு போல" என்றான். அவர் நிமிராமலே சொன்னார்: "கரைசல் மேல பழி போடாத தம்பி. ஒழுங்காக் கழுவினியான்னு மொதல்ல பாரு."

முலாம் உரிவதில் பெரும்பங்கு கழுவும் வரிசையில்தான் தொடங்குகிறது. இந்த ஷாஃப்டுகள் போகும் வழி இப்படி.

முதலில் மறைப்பு. மரை முனைகளுக்கும் பூசக் கூடாத தோள்களுக்கும் பிளேட்டிங் டேப் சுற்றி, அதன் ஓரத்தில் வினைல் லேக்கர் இரண்டு பூச்சு. முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. பாதி காய்ந்த லேக்கர் 90 டிகிரியில் கரைசலுக்குள் கசியும், அந்த அழுக்கு குழிக்குழியாக முலாமில் தெரியும்.

பிறகு காரக் குளியல், 70 டிகிரி, 15 நிமிடம். கிரைண்டிங் எண்ணெய் இங்கேதான் கழல வேண்டும். அலசல். அடுத்து எலக்ட்ரோ கிளீனர்: உருப்படி நேர்மின் பக்கம், சதுர டெசிமீட்டருக்கு 5 முதல் 8 ஆம்பியர், இரண்டு நிமிடம். நேர்மின் பக்கம் வைப்பதற்குக் காரணம், அப்போது உருப்படியில் ஆக்சிஜன் வருகிறது. எதிர்மின்னில் வைத்தால் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகும், கிளீனரில் கரைந்துள்ள உலோக அழுக்கும் மேலே படியும்.

இரண்டு அலசலுக்குப் பின் ஷாஃப்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள். தண்ணீர் ஒரே படலமாக, கண்ணாடித் தாள் சுற்றியதுபோல், அரை நிமிடம் உடையாமல் நிற்க வேண்டும். இன்று மூன்றாவது ஷாஃப்டில் நடுவில் ஒரு விரல் அகலத்துக்குப் படலம் கிழிந்து, ஓரம் சுருண்டு, தாமரை இலைத் தண்ணீர்போல் திரண்டது. யாரோ கையுறை இல்லாமல் பிடித்த இடம். அந்த ஒரு ஷாஃப்டை மட்டும் முதல் தொட்டிக்குத் திருப்பினார்கள். அப்படியே விட்டிருந்தால் அந்த விரல் தடம் கொப்புளமாக எழுந்திருக்கும்.

அடுத்தது ஆசிட். பாதிக்குப் பாதி ஹைட்ரோகுளோரிக், சாதாரண வெப்பம், 30 விநாடி முதல் ஒரு நிமிடம். துரு இருக்கிறதே என்று ஐந்து நிமிடம் போட்டால் எஃகிலுள்ள கார்பன் கரியாக மேலே வந்து நிற்கும். வெள்ளைத் துணியால் துடைத்தால் கறுப்பாக ஒட்டும். அந்தக் கரியின் மேல் முலாம் ஏறும், பிடிக்காது. ஆகவே ஆசிடுக்குப் பின் இன்னொரு முறை எலக்ட்ரோ கிளீனர், அலசல், பிறகு 10% சல்ஃப்யூரிக்கில் 30 விநாடி. கடைசியாக 80 டிகிரி டி.ஐ. (அயனி நீக்கிய) தண்ணீர்.

அந்தக் கடைசி வெந்நீரைச் சிலர் வீண் செலவு என்பார்கள். கணக்குப் பார்த்தால் புரியும். ஒரு ஷாஃப்ட் 9 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, 20 சேர்ந்தால் 178 கிலோ எஃகு. அதை 25 டிகிரியில் 200 லிட்டர் கரைசலுக்குள் இறக்கினால் தொட்டி ஏறக்குறைய 6 டிகிரி இறங்கிவிடும். 90இல் இருந்த தொட்டி 84க்கு வந்தால் வினை கிளம்பத் தயங்கும். தயங்கும் நேரத்தில் எஃகு லேசாகக் கரையும், இரும்பு கரைசலில் சேரும். வெந்நீரில் இரண்டு நிமிடம் நிறுத்திச் சூடேற்றி இறக்கினால் இந்த வம்பே இல்லை.

டர்பனின் கடற்காற்றுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஆசிடிலிருந்து அடுத்த தொட்டிக்குப் போவதற்குள் எஃகு பழுப்பேறிவிடும். கைபேசி மணி அடித்தால் எடுக்கக் கூடாத இருபது விநாடி அது.

வார்ப்பிரும்பு இம்பெல்லர் (பம்பின் உள்ளே சுழலும் சக்கரம்) வந்தால் வரிசையே மாறும். அதில் கிராஃபைட் இருப்பதால் ஆசிட் நேரம் 10, 15 விநாடிக்கு மேல் போகக் கூடாது. துளைகளில் ஒளிந்த எண்ணெய் தொட்டிச் சூட்டில்தான் வெளியே வரும். ஆகவே முதலில் அடுப்பில் 200 டிகிரியில் வறுத்துவிட்டுத் தொடங்குவார்கள்.

மூன்றாம் நாள்: தொட்டி

200 லிட்டர் கரைசல், பாலிபுரொப்பிலீன் தொட்டி. தொட்டி மட்டும் 240 லிட்டர் பிடிக்கும். 20 ஷாஃப்ட் உள்ளே போனால் 22 லிட்டர் அளவுக்கு மட்டம் ஏறும் என்பதற்காகவே அந்த இடைவெளி.

மூன்று கேன்களில் சரக்கு வருகிறது. ஏ என்பது நிக்கல், லிட்டருக்கு 100 கிராம். பி என்பது ஹைப்போஃபாஸ்பைட்டும் கரிம அமிலங்களும், முதல் தயாரிப்புக்கு மட்டும். சி என்பது பிறகு ஈடுகட்ட. 100 லிட்டர் டி.ஐ. தண்ணீர் விட்டு, பி 30 லிட்டர் கலக்கி, ஏ 12 லிட்டர் ஊற்றி, மீதியைத் தண்ணீரால் நிரப்பினால் லிட்டருக்கு 6 கிராம் நிக்கல். பி.எச். 4.8க்கு அம்மோனியாவைப் பாதிக்குப் பாதி நீர் சேர்த்து, கலக்கிக்கொண்டே, நூல்போல் விட வேண்டும். காஸ்டிக் சோடா கூடாது. விழுந்த இடத்தில் நிக்கல் ஹைட்ராக்சைடு பச்சைத் திப்பியாகத் திரளும், அந்தத் திப்பியே பிறகு முலாம் ஏறும் விதையாகும். குழாய்த் தண்ணீரும் கூடாது.

25 டிகிரியிலிருந்து 90க்கு 200 லிட்டரை ஏற்ற 15 யூனிட் மின்சாரம். 9 கிலோவாட் ஹீட்டருக்கு இழப்பையும் சேர்த்து இரண்டு மணி நேரம். காலை ஐந்துக்கே சுவிட்ச் போடுகிறார்கள்.

ஏழேகாலுக்கு ஷாஃப்டுகள் இறங்கின. பதினைந்து விநாடிக்குள் எஃகின் உடம்பெல்லாம் பொடிப்பொடியாக ஹைட்ரஜன் குமிழி, சோடா பாட்டில் திறந்ததுபோல். ஒரு நிமிடமாகியும் குமிழி வராவிட்டால் தூக்கிவிட வேண்டும். காத்திருந்து பயனில்லை. வெப்பம் குறைவா, பி.எச். இறங்கியதா, ஆசிட் சரியாகப் படவில்லையா என்று வெளியே வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இனி கணக்கு. இந்தத் தொழிலில் கையைவிட நோட்டுப் புத்தகம் முக்கியம் என்று சொல்ல வைப்பது இதுதான். ஒரு ஷாஃப்டின் பரப்பு 7.5 சதுர டெசிமீட்டர், இருபதுக்கு 150. லிட்டருக்கு 0.75 ஆகிறது. 0.5க்கும் 1.2க்கும் நடுவில் இருந்தால் தொட்டி சந்தோஷமாக ஓடும். ஒரே ஒரு ஷாஃப்டை இந்தத் தொட்டியில் போட்டால் லிட்டருக்கு 0.04 கூட வராது. அப்போது கரைசலிலுள்ள நிலைப்படுத்தி (தொட்டி தானாகச் சிதையாமல் காக்கும் மருந்து) முழுதும் அந்தச் சின்னப் பரப்பின் மேல் குவியும், ஓரங்களில் முலாம் ஏறாமல் வெறும் எஃகு தெரியும். அவசரம் என்று ஒற்றை உருப்படியோடு வருபவரிடம், கூடவே நாலு பழைய எஃகுத் தகடும் தொங்கும், அதன் காசும் உங்களுடையதுதான் என்று சொல்லிவிட வேண்டும்.

இது உயர் பாஸ்பரஸ் ரகம், 10 முதல் 12%. மணிக்கு 12 மைக்ரான் ஏறுகிறது. 50க்கு நாலு மணி பத்து நிமிடம். மணிக்கு 142 கிராம் முலாம், அதில் நிக்கல் 127 கிராம். தொட்டியில் மொத்தம் இருப்பதே 1200 கிராம். அதாவது மணிக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கரைந்துகொண்டிருக்கிறது. அரை மணிக்கு ஒரு முறை 5% ஈடுகட்ட வேண்டும்: ஏ 600 மில்லி, சி 600 மில்லி. இரண்டையும் ஒரே வாளியில் கலந்து ஊற்றவே கூடாது. ஒன்றை ஊற்றிக் கலங்கவிட்டு, சில நிமிடம் கழித்து மற்றது, அதுவும் ஹீட்டருக்குத் தள்ளி. சோம்பல்பட்டு இரண்டு மணிக்கு ஒரு முறை 20% ஊற்றினால் முலாமில் அடுக்கடுக்காகப் பாஸ்பரஸ் ஏறி இறங்கும்.

நிக்கலை அளப்பது எளிது. 5 மில்லி கரைசல், அம்மோனியா, நிறம் காட்ட ஒரு சிட்டிகை மியூரெக்ஸைடு. நிக்கலைப் பிடித்துக்கொள்ளும் 0.05 மோலார் இ.டி.டி.ஏ. கரைசலை அளவுக்குழாயான பியூரெட்டிலிருந்து விட்டுக்கொண்டே வந்தால் (இதுதான் டைட்ரேஷன்) மஞ்சள் திடீரென்று கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். அந்த இடத்தில் பியூரெட் காட்டும் மில்லியை 0.587ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை கிராம் என்று வரும். 10.2 மில்லி என்றால் 6 கிராம். இதில் ஒரு பொறி உண்டு. 90 டிகிரியில் தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கியிருக்கும். முதலில் மட்டத்தை நிரப்பிக் கலக்கிவிட்டுத்தான் மாதிரி எடுக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு ஆவியான தொட்டி 6.0 என்று காட்டினால் உண்மையில் அது 5.4. 'டைட்ரேஷன் சரியாத்தான் இருந்தது' என்று சத்தியம் செய்வார்கள். டைட்ரேஷனும் சரிதான், மட்டம்தான் பொய்.

கனம் ஏறுகிறதா என்று பார்க்க ஒரு தகடு, 5க்கு 10 சென்டிமீட்டர், கூடவே தொங்குகிறது. இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு சதுர டெசிமீட்டர். முன்னும் பின்னும் நிறுத்து, கூடிய கிராமை 12.7ஆல் பெருக்கினால் மைக்ரான். முதல் மணி முடிவில் 0.95 கிராம் கூடியிருந்தது. 12 மைக்ரான், சரி.

பத்தேகாலுக்கு மின்சாரம் போனது. 2023இல் இந்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. 2024 மார்ச்சுக்குப் பிறகு பெருமளவு அடங்கியது. ஆனாலும் தெருக் கேபிள் பழுது யாரையும் கேட்டு வருவதில்லை. முலாம் 36 மைக்ரானில் நிற்கிறது. இந்த நேரத்தில் செய்யும் தவறுகளில் முதலாவது, 'வந்துவிடும்' என்று ஷாஃப்டைத் தொட்டியிலேயே விடுவது. பம்பு நின்றதால் தூசி கீழிறங்கி மேல்நோக்கிய பரப்பிலெல்லாம் உட்காரும், மணல் தேய்த்ததுபோல் ஆகும். பத்து டிகிரி இறங்கினால் வேகம் பாதியாகும், இன்னும் இறங்கினால் முலாம் நின்று, மேற்பரப்பு மரத்துப்போகும். பிறகு சூடேறி மேலே ஏறும் முலாம் வெங்காயத் தோல்போல் தனி அடுக்காக இருக்கும்.

இவர்கள் கைச்சங்கிலி பிளாக் வைத்திருக்கிறார்கள். 178 கிலோவை மின்சார ஹாய்ஸ்டில் மட்டும் நம்பி மாட்டியவர்களுக்கு இந்த இடத்தில் வழியே இல்லை. தூக்கி, வெந்நீர்த் தொட்டியில் முழுக மாற்றினார்கள். காய விடவே கூடாது. தொட்டிக்கு மூடி.

மின்சாரம் ஒன்றேகால் மணி நேரத்தில் வந்தது. முதலில் ஃபில்டர் பம்பு, பத்து நிமிடம் கழித்துத்தான் ஹீட்டர். மாற்றிப் போட்டால் அசையாத கரைசல் ஹீட்டரின் மேல் கொதித்து, அங்கேயே கறுப்புப் பொடியாக நிக்கல் உதிரத் தொடங்கும். 88 டிகிரி வந்ததும் ஷாஃப்டுகளை 10% சல்ஃப்யூரிக்கில் இரண்டு நிமிடம் வைத்து, அலசி, இறக்கினார்கள். சோதனைத் தகடும் இதே வழி போனது. பின்னால் அதைக் கிடுக்கியில் பிடித்து 180 டிகிரிக்கு மடக்கிப் பார்த்ததில் வெடிப்பு இருந்தது, உரிவு இல்லை. வெடிப்பது இந்த முலாமின் இயல்பு, உரிந்தால்தான் குற்றம். ஷாஃப்ட் காய்ந்துவிட்டிருந்தால் வெறும் ஆசிட் போதாது. எலக்ட்ரோ கிளீனரில் எதிர்மின் பக்கம் வைத்து எழுப்ப வேண்டும். நிக்கலை நேர்மின்னில் வைத்தால் இன்னும் மரத்துப்போகும். நேற்று எஃகுக்குச் சொன்னதற்கு நேர் எதிர்.

நான்காம் நாள்: பைன்டவுன்

டர்பனுக்கு மேற்கே மேட்டுப் பகுதி, காற்றில் உப்பு குறைவு. இங்கே அலுமினிய வேலை: 6061 ரகக் கட்டையில் குடைந்த காற்றுவால்வு உடல்கள், உள்ளே குறுக்கும் நெடுக்கும் துளைகள்.

அலுமினியம் காற்றுப் பட்டதும் ஆக்சைடு போர்த்திக்கொள்ளும். அதனால் நேராகத் தொட்டிக்குப் போக முடியாது. லேசான காரக் கரிப்பு, பாதிக்குப் பாதி நைட்ரிக்கில் கறுப்பு நீக்கல், பிறகு ஜின்கேட் (துத்தநாகம் படியவைக்கும் கரைசல்) 45 விநாடி. அந்தத் துத்தநாகத்தை நைட்ரிக்கில் கரைத்துவிட்டு, மறுபடி ஜின்கேட் 20 விநாடி. கரைப்பதற்கா பூசினோம் என்று புதியவர்கள் கேட்பார்கள். முதல் படிவு தடியாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும், அதன்மேல் முலாம் கொப்புளிக்கும். இரண்டாவது மெல்லியதாக, ஒரே சாம்பல் நிறத்தில், திட்டில்லாமல் இருக்கும். திட்டு தெரிந்தால் மூன்றாவது முறையும் செய்யலாம்.

அதன்பின் 40 டிகிரியில், பி.எச். 9இல் ஒரு காரநிக்கல் தொட்டியில் ஐந்து நிமிடம். பிறகே பெரிய தொட்டி. இந்த இடைத்தொட்டியை மிச்சம் பிடிப்பவர்களின் பெரிய தொட்டியில் துத்தநாகம் சேர்ந்துகொண்டே போகும். முலாம் கறுத்து, கோடு விழும்.

சிலிக்கான் கூடிய வார்ப்பு அலுமினியத்துக்கு வெறும் நைட்ரிக் போதாது, அமோனியம் பைஃபுளோரைடு கலக்க வேண்டும். அங்கே கையுறை, முகக்கவசம், கால்சியம் குளுக்கனேட் களிம்பு மூன்றும் கையெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் அந்த வேலையை எடுக்காமல் இருப்பது மேல்.

துளைகளை மாட்டும் விதம் தனிக் கலை. வாய் கீழ்நோக்கினால் ஹைட்ரஜன் உள்ளே சிறைப்பட்டு, அந்த இடம் வெறுமையாக நிற்கும். மேல்நோக்கினால் தூசி விழும். சற்றே சாய்த்து மாட்டி, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஜிக்கை (உருப்படிகளை மாட்டும் சட்டத்தை) ஆட்டிவிடுகிறார்கள்.

துருப்பிடிக்காத எஃகு இங்கே வாரத்துக்கு ஒன்றிரண்டுதான். வுட்ஸ் நிக்கல் தொட்டியில் (நிக்கல் குளோரைடு லிட்டருக்கு 240 கிராம், அடர் ஹைட்ரோகுளோரிக் 120 மில்லி) மூன்று நிமிடம் மின்சாரத்தில் ஒரு மெல்லிய படிவு ஏற்றிவிட்டு, ஈரம் காயுமுன் ஈ.என்.னுக்கு மாற்றினால் போதும்.

ஐந்தாம் நாள்: என் 3 சாலை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

டர்பனிலிருந்து 80 கிலோமீட்டர். அடுப்பு உள்ள பட்டறை.

முலாமைக் கடினமாக்க எல்லோரும் கேட்பது 400 டிகிரியில் ஒரு மணி நேரம். பூசியபடி 500 விக்கர்ஸ் (கடினத்தின் அளவு) இருக்கும் உயர் பாஸ்பரஸ் முலாம் 900க்கு மேல் போகும், குரோமுக்குப் பக்கத்தில். ஆனால் இலவசமில்லை. உருவமற்ற நிலையிலிருந்து படிகமாகும்போது முலாம் சுருங்கி மயிரிழை வெடிப்பு விழும், அந்த வழியாகத் துரு இறங்கும். கரும்புச்சாற்றில் நிற்கும் ஷாஃப்டுக்குத் துருதான் எதிரி என்றால் 400 டிகிரி வேண்டாம். தேய்மானம்தான் எதிரி என்றால் வேண்டும். இரண்டும் வேண்டும் என்பவருக்குக் கனத்தைக் கூட்டச் சொல்லலாம். ஏ.எஸ்.டி.எம். பி 733 தரத்தில் மிதமான சூழலுக்கு 25 மைக்ரான், கடுமையான சூழலுக்கு 75.

வேறொரு சூடேற்றல் உண்டு, அது விருப்பமல்ல, கட்டாயம். வலிமை கூடிய எஃகில் புகுந்த ஹைட்ரஜனை விரட்ட, பூசிய நாலு மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரியில், எஃகின் வலிமைக்கேற்ற மணிக்கணக்கில். நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று விட்ட ஸ்பிரிங் வாஷர் டப்பாவிலேயே முறிந்து கிடக்கும். எஃகைப் பதம் வைத்த வெப்பத்தைவிட அடுப்பு கூடிவிடக் கூடாது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

வாடிக்கையாளருக்கு உண்மையில் உயர் பாஸ்பரஸ்தான் போயிருக்கிறதா என்பதற்கு இங்கே ஒரு நாட்டு வைத்தியம்: சோதனைத் தகட்டில் அடர் நைட்ரிக் ஒரு சொட்டு, 30 விநாடி. உயர் ரகம் பளபளப்பாகவே நிற்கும். நடுத்தர, குறைந்த ரகம் கறுக்கும். துளை இருக்கிறதா என்று பார்க்க, உப்பும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் நனைத்த வடிதாளை ஒட்டினால், எஃகு எட்டிப்பார்க்கும் இடமெல்லாம் நீலப் புள்ளி. நமது ஷாஃப்டில் ஒரு புள்ளியும் இல்லை. மின்வெட்டுக்குப் பிறகு இதைப் பார்த்தே தீர வேண்டியிருந்தது.

ஆறாம் நாள்: ஜெர்மிஸ்டன், ஜொகனஸ்பர்க்

விடியுமுன் கிளம்பி வான் ரீனன் கணவாய் ஏறி, ஹாரிஸ்மித்தில் டீ. ஜொகனஸ்பர்க்கும் அதைச் சுற்றிய ஊர்களும் கடல்மட்டத்துக்கு 1,600, 1,700 மீட்டர் மேலே. இங்கே தண்ணீர் 95 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். டர்பனில் 92இல் ஓட்டியவர் இங்கே வந்து அதே எண்ணை வைத்தால், கொதிநிலைக்கு இரண்டு மூன்று டிகிரிதான் மிச்சம். ஹீட்டரின் மேற்பரப்பில் கொதிப்பு தொடங்கிவிடும். இங்கே 87, 88இல் நிறுத்தி, வேகக் குறைவை நேரத்தால் ஈடுகட்டுகிறார்கள். ஆவியும் மூர்க்கம். பாலிபுரொப்பிலீன் பந்துகளை மேலே மிதக்கவிட்டு, சொட்டுச் சொட்டாக டி.ஐ. தண்ணீர் இறங்க ஏற்பாடு. ஒரே சரக்கு, ஒரே கேன், 570 கிலோமீட்டர் தள்ளி வேறு புத்தி.

சுரங்க ஹைட்ராலிக் உருளைகளோடு செம்புச் சாமானும் இங்கே வரும். செம்பில் வினை தானாகக் கிளம்பாது. சிலர் பல்லேடியத்தில் முக்கித் தொடங்குவார்கள். இந்நாட்டின் புஷ்வெல்ட் பாறையில் பிளாட்டினம், பல்லேடியம், நிக்கல் மூன்றும் ஒன்றாகவே கிடக்கின்றன. தொட்டிக்குள் மட்டும் நிக்கலுக்குப் பல்லேடியம் ஆகாது. சரியாக அலசாத ஜிக் கொண்டுவரும் துளி போதும், தொட்டி முழுதும் ஒரே நேரத்தில் நுரைக்கும். உருப்படியில் மட்டுமல்ல, சுவரிலும் அடியிலும் குமிழி. பச்சை வெளிறி, அடியில் கறுப்புப் பொடி. அப்போது உருப்படியைத் தூக்கி, ஹீட்டரை அணைத்து, குளிர்ந்த டி.ஐ. தண்ணீர் விட்டு, வேறு தொட்டிக்கு வடிகட்டி ஏற்ற வேண்டியதுதான். மீதியைக் காப்பாற்றப் பத்து நிமிடம் இருக்கும். இங்கே செம்புக்குப் பல்லேடியத்தைத் தவிர்த்து, தொட்டிக்குள் இறக்கியதும் ஒரு எஃகுக் கம்பியால் தொட்டுக் கிளப்பிவிடுகிறார்கள். அதுவே போதுமானது.

மாலையில் ஒரு பழைய கரைசலின் கடைசி நாள். 1200 கிராம் நிக்கலை முழுதாக ஒரு முறை ஈடுகட்டினால் ஒரு சுற்று. இது ஏழு சுற்று முடித்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய 6 கிலோ ஹைப்போஃபாஸ்பைட் செலவாகி, அது ஆர்த்தோஃபாஸ்பைட்டாக உள்ளேயே தங்கிவிடுகிறது. கரைசல் பாகுபோல் கனத்து, வேகம் மணிக்கு 12லிருந்து 8க்கு இறங்கிவிட்டது. முலாமில் இழுவிசை ஏறுவதால் நாலு சுற்றுக்குப் பிறகே துருவுக்கான வேலைகளை இதில் போடுவதை நிறுத்தியிருந்தார்கள்.

இதைச் சுண்ணாம்பு போட்டுச் சாக்கடையில் விடலாம் என்று நினைப்பவர்களுக்கு: நடக்காது. கரிம அமிலங்கள் நிக்கலைப் பிடித்து வைத்திருப்பதால் சுண்ணாம்புக்கு அது வண்டலாக இறங்காது. வேறு தொட்டிக்கு மாற்றி, அம்மோனியாவால் பி.எச்.சை 8க்கு மேல் ஏற்றி, 85 டிகிரிக்குச் சூடாக்கி, எஃகு நார் இரண்டு கிலோவைக் கூடையில் தொங்கவிட்டு, மேலும் ஹைப்போஃபாஸ்பைட் விடுகிறார்கள். இத்தனை நாள் நடக்கக் கூடாது என்று காத்த அதே சிதைவை இப்போது வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். நார் கறுத்துத் தடிக்கிறது. பச்சை மணிக்கு மணி வெளிறுகிறது. அதன்பின் மிச்ச நிக்கலை வண்டலாக இறக்க டைதயோகார்பமேட், வடிதுணி அழுத்தி, வண்டல் அபாயக் கழிவுக் குழிக்கு. கறுப்புப் பொடியைக் காய விடாமல் ஈரத்தோடே டிரம்மில் அடைக்கிறார்கள்.

இரவு முழுதும் ஹைட்ரஜன் வந்துகொண்டிருக்கும். கூரை விசிறி ஓடுகிறது. சிகரெட் பற்றவைக்கக் கூடாது என்று கதவில் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.